மேளக் கோபுரத்துல வச்ச கைரேகை

ஏட்டி, நில்லு. அந்த முக்குக் கடைக்காரி சொன்னதை அப்படியே நம்பிட்டு வந்து நிக்கியே! சீனாவுல போலீஸ் ஸ்டேஷன்ல என்னைய ஒரு நாள் பூரா உக்கார வச்சானாமா? வெலங்கு போட்டானாமா? அவ பாத்தாளா? ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி எங்கயாச்சும் போயிருக்காளா அவ? உக்காரு. கடைக்குப் பொறவு போவலாம். நடந்ததை நானே சொல்லுதேன், கேட்டுட்டு நேரா அவகிட்டப் போய்ச் சொல்லு. ஒண்ணு விடாமச் சொல்லு. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனா சொன்னதுல ஒண்ணு கொறைஞ்சா தெரியும்.

நான் போனது மருமக பேறுகாலத்துக்கு. அவளுக்கு அம்மா இல்லை, உனக்குத் தெரியும்ல. எம்மவன் அங்க நூல் மில்லு மெஷின் செய்யுற கம்பெனியில இருக்கான். மொதல்ல ராஜபாளையத்துல மில்லுல மெஷின் பாக்குற வேலையில இருந்தவன்தான். அவன் படிப்புக்கு நான் பேண்டேஜ் துணி மடிக்கிற எடத்துல எத்தனை வருசம் நின்னேன்னு இந்தத் தெருவுக்கே தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூர்லருந்து காலையில மொத பஸ்சு, பொழுது சாஞ்சு திரும்புற பஸ்சு. மூக்குல எல்லாம் பஞ்சுதான். அதை விடு.

ஊரு பெய்ஜிங்காம். அவுகளுக்குத் தலைநகரம். ஏட்டி, அந்த ஊருல எனக்குப் பிடிச்சது என்ன தெரியுமா? வெந்நி. சிரிக்காத. ஹோட்டல்ல போய் உக்காந்ததும் வெந்நி கொண்டாந்து வைக்கான். ரயில்ல வெந்நிக்குன்னே தனிக் குழாய் இருக்கு. கெழவன் கெழவி எல்லாரு கையிலயும் ஒரு பிளாஸ்க்கு. எனக்குச் சிரிப்பாணி பொங்குது, இம்புட்டு நாளா நம்மூர்ல "வெந்நி இருக்கா"ன்னு கேட்டா என்னமோ நோயாளி மாதிரிப் பாக்காக, அங்க போனா ஊரே நம்ம கட்சி. பார்க்குல என் வயசுப் பொம்பளைக வரிசையா நின்னு விசிறியை வச்சுக்கிட்டு ஆடுதாக. ஒருத்தி என்னையும் இழுத்து விட்டா. நானும் ஆடுனேன். சேலைக்கு மேல மவனோட குளிர்க்கோட்டு, கையில விசிறி. மருமக போன்ல படம் எடுத்து வச்சிருக்கா, கேட்டா அனுப்புவா.

ஆனா குளிரு இருக்கே, எலும்புக்குள்ள போயிரும். பிளவக்கல் அணைப் பக்கம் மார்கழிக் காத்து அடிக்கும்ல, அதை நாலு மடங்காக்கிக்கோ. அதுக்குத்தான் எம்மவன் ஒரு ரப்பர்ப் பை வாங்கிக் குடுத்தான். உள்ள வெந்நி ஊத்தி மூடியைத் திருகிட்டா அரை நாளைக்குச் சூடு நிக்கும். மேல முயல் படம் போட்ட கம்பளி உறை. கோட்டுக்குள்ள வயித்துல வச்சுக்கிட்டு நடப்பேன். தூரத்துலருந்து பாத்தா நான்தான் புள்ளத்தாச்சி மாதிரி இருக்கும்.

பேரப்பயலுக்கு மூணு மாசம் முடிஞ்ச பொறவு ஒரு ஞாயித்துக்கெழமை எம்மவன் சொன்னான், "எம்மா, டிரம் டவர்னு ஒண்ணு இருக்கு, பழைய காலத்துக் கட்டடம், பாத்துட்டு வருவோம்." டிரம்முன்னா என்னலேன்னு கேட்டேன். மேளமாம். மேளத்துக்குன்னு ஒரு கோபுரமாம். எனக்கு நம்பிக்கை வரலை. சாமிக்குக் கோபுரம் இருக்கும், மேளத்துக்கு எவன் கட்டுவான்?

"ராசாவே கட்டுனதும்மா. ஊருக்கு நேரம் சொல்றதுக்கு. கெடிகாரம் இல்லாத காலத்துல மேல நின்னு அடிப்பாங்க, ஊரே அதைக் கேட்டுத்தான் கதவைப் பூட்டும்."

"அடிக்கிறவன் மேலயா நிப்பான்?"

"ஆமா, மேலதான்."

எனக்கு அப்பவே போயாகணும்னு ஆயிருச்சு. ஏன்னு அவன்கிட்டச் சொல்லலை. அவனுக்குத் தெரியும்னு நெனைச்சேன்.

எங்ககூட ராஜபாளையத்து அம்மா ஒருத்தியும் வந்தா. எம்மவனுக்கு மேல இருக்கிற ஆபீசர் பொண்டாட்டி. மில்லு வச்சிருக்கிற குடும்பத்துப் பொண்ணு, அவ வீட்டுக்காரர் அந்த வாரம் வேற ஊருக்குப் போயிருந்தாரு. குத்தம் சொல்லக் கூடாது, நல்லாத்தான் பேசுனா. "ஆச்சி, நம்மூர்த் தமிழைக் கேட்டு எத்தனை நாளாச்சு"ன்னு எங்கையைப் பிடிச்சுக்கிட்டா. கெளம்புறதுக்கு முன்னாடி எம்மவன் என்னைய அடுப்படிக்குள்ள கூப்பிட்டு, "எம்மா, அந்தம்மாகிட்ட ரொம்பப் பேசாத" அப்படின்னான்.

"ஏன்லே, என் வாய் நாறுதா?"

"அதில்ல. சும்மா சொல்லுதேன். பழசெல்லாம் எடுத்துக்கிட்டு இருக்காத."

நான் சரிதான், கெழவி வளவளன்னு பேசுதாளேன்னு சொல்லுதான்னு நெனைச்சேன். எம்புட்டு மடைச்சியா இருந்திருக்கேன் பாரு.

போய் எறங்குனா, ஏட்டி, ஒசந்த மதிலு. செங்காவி நெறம். அடியில வண்டி நொழையிற மாதிரி வளைவு, அதுக்கு மேல மரத்துல கட்டுன மண்டபம், ரெண்டு அடுக்குக் கூரை. நம்ம ஊரு பெரிய கோபுரம் மாதிரி பொம்மையெல்லாம் கெடையாது. ஆனா அகலத்துக்கு ஆள் நின்னு பாக்கணும். சுத்தியும் தணிஞ்ச ஓட்டு வீடுக, சந்து சந்தா. எந்தச் சந்துல நின்னாலும் இது தெரியும்.

உள்ள போனதும் படி. சுவத்துல ஏணியைச் சாத்தி வச்ச மாதிரி செங்குத்தா நிக்கு, ஒவ்வொரு படியும் முழங்கால் ஒசரம். எம்மவன் பாத்தான். "எம்மா, நீ கீழ பெஞ்சுல உக்காரு. நாங்க போய்ட்டு அரை மணியில வந்துருதோம்."

"ஏலே, நான் அய்யனார் கோவில் அருவிக்குப் பாறை பாறையாத் தாண்டி ஏறுனவ, உன்னைய வயித்துல வச்சுக்கிட்டு. என்னையவா கீழ உக்காரச் சொல்லுத?"

"அதுக்கு முப்பது வருசத்துக்கு மேல ஆச்சும்மா."

"படிக்கு வயசாயிருக்கு, எனக்கு ஆகலை. தள்ளு."

மருமக சிரிச்சுட்டா. அந்தம்மாதான் கையை நீட்டுனா, "வாங்க ஆச்சி, என் கையைப் பிடிச்சுக்கோங்க." பிடிச்சுக்கிட்டேன். பஞ்சு மாதிரிக் கை. எழுபது படிக்குக் கிட்ட இருக்கும், எண்ணிக்கிட்டேதான் வந்தேன், நடுவுல மூச்சு வாங்குனதுல விட்டுப் போச்சு. அவ ஒரு எடத்துலயும் கையை விடலை. அதையும் சொல்லிருதேன்.

மேல போய் நிக்கேன். ஏட்டி, என்னத்தைச் சொல்ல! வரிசையா மேளம். செவப்புச் சாயம் பூசி, மரக்கால்ல ஏத்தி, எல்லாம் பீப்பாய் தண்டி. நான் ரெண்டு கையை விரிச்சாலும் ஒரு மேளத்துத் தோலைக் கட்டிப் பிடிக்க ஏலாது. மருமக அங்க இருந்த பலகையைப் படிச்சுச் சொன்னா. அவ நாலு வருசமாக் கடைகண்ணிக்குப் போயே அவுக பாசையைப் பழகிட்டா, எம்மவனை விட நல்லாப் பேசுவா. வருசத்தை இருவத்தி நாலாப் பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு மேளமாம். மழை, பனி, வெதைப்பு, அறுப்பு, இப்படி. எனக்கு வாயெல்லாம் பல்லு. காலத்துக்கே ஒரு மேளம் வச்சிருக்கான், கோபுரத்து உச்சியில!

ஒரு ஓரத்துல பழைய மேளம் ஒண்ணு தனியா இருந்துச்சு. அது மட்டும் சாயம் போயி, கருத்து, தோலுல நீளமாக் கிழிசல். ஒண்ணில்லை, பல எடத்துல. கத்தி போட்ட கிழிசல். தானாப் பிஞ்ச தோலு ஓரத்துலருந்துதான் பிரியும், நடுவுல இப்படி நேரா வாயைத் தொறக்காது. நான் பாத்ததுமே மருமககிட்டச் சொன்னேன், "இதை எவனோ வேணும்னே கிழிச்சிருக்கான்."

அவ பலகையைப் படிச்சுட்டு என்னையே பாத்தா. "ஆமா அத்தை. ரொம்ப வருசத்துக்கு முன்னாடி வெளிநாட்டுப் பட்டாளத்துக்காரங்க வந்து கிழிச்சதாம். மத்ததெல்லாம் பொறவு செஞ்சது. இது ஒண்ணுதான் பழசுல மிஞ்சுனது. அதான் தைக்காம அப்படியே வச்சிருக்காங்க."

எனக்குக் காலு நகரலை. ஏன்னு உனக்குத் தெரியாது. இந்தத் தெருவுல யாருகிட்டயும் நான் சொன்னதில்லை. இப்பச் சொல்லுதேன்.

எங்கப்பன் தப்பு மேளம் அடிக்கிறவரு. மம்சாபுரத்துக்கு அங்கிட்டு ஒரு ஊரு, பேரு வேண்டாம். சாவுக்கும் கோயில் கொடைக்கும் அவருதான் போணும். வேப்பமரச் சட்டத்துல கன்னுக்குட்டித் தோலை இழுத்து ஒட்டுவாரு. அடிக்கிறதுக்கு முன்னாடி வைக்கோலைக் கொளுத்தி தோலை வாட்டுவாரு. ஈரம் பட்ட தோலு பொத்துப் பொத்துன்னு கெடக்கும், சூடு காட்டுனாத்தான் கணீர்னு எடுக்கும். வைக்கோல் பெறக்கிக் குடுக்கிறது என் வேலை. தோலு சரியாயிருச்சான்னு என்னையச் சுண்டிப் பாக்கச் சொல்லுவாரு.

எனக்கு ஒம்பது, பத்து வயசு இருக்கும். எந்தம்பி, கைப்புள்ளை, காய்ச்சல்ல செத்துப் போனான். அன்னைக்கே பெரிய வீட்டுல ஒரு கெழவரும் செத்தாரு. ஆள் வந்து கூப்பிட்டான். எங்கப்பன் சொன்னது ஒண்ணே ஒண்ணு: "எம்புள்ளையைப் பொதைச்சுட்டு வந்துருதேன் சாமி." வரமாட்டேன்னு சொல்லலைட்டி. வந்துருதேன்னுதான் சொன்னாரு. செத்த நேரத்துல ரெண்டு பேரு அருவாளோட வந்தானுக. சுவத்துல தொங்குன தப்புத் தோலுல அருவாளால ஒரே இழுப்பு, கிழிஞ்சு தொங்குது. "அடிக்காத தப்பு எதுக்குலே உனக்கு?" கேட்டுட்டுப் போயிட்டானுக. எங்கப்பன் எங்க சித்தப்பன் தப்பைக் கடன் வாங்கிட்டுப் போய்ப் பெரிய வீட்டு வாசல்ல பொழுது சாயிற வரைக்கும் அடிச்சாரு. எந்தம்பி அம்புட்டு நேரமும் எங்கம்மா மடியில கெடந்தான். அடி சத்தம் எங்க வீட்டுக்கு நல்லாக் கேக்கும்.

கண்ணைத் தொடைக்காத. அழுறதுக்கு நான் சொல்லலை. எனக்கு வாரது அழுகையே இல்லை, ஆத்திரம். அங்க கிழிச்சவன் யாருன்னு பலகையில எழுதி வச்சிருக்கான். எந்த நாட்டுக்காரன் வந்தாலும் படிச்சுப் பாக்கலாம், இவன்தான் கிழிச்சான்னு. எங்கப்பன் தப்பைக் கிழிச்சவன் பேரும் கல்லுல இருக்கு, எங்க தெரியுமா? அந்த ஊரு பஸ் நிக்கிற எடத்து நெழல் கட்டடத்துல. உபயம்னு போட்டு வெட்டியிருக்கான். படிக்கத் தெரிஞ்சவுகதான் எனக்குச் சொன்னாக. நான் அதுல உக்காந்து ஒரு நாளும் பஸ்சுக்குக் காத்திருந்ததில்லை. வெயில்லயே நிப்பேன்.

சரி, கோபுரத்துக்கு வா. அப்பத்தான் செவப்புச் சட்டை போட்ட பயலுக நாலஞ்சு பேரு வந்தானுக. நேரத்துக்கு ஒரு தடவை வந்து அடிச்சுக் காட்டுவானுகளாம். கட்டையை ரெண்டு கையில ஓங்கிப் போட்டானுக பாரு, என் நெஞ்சுக்குள்ள யாரோ உள்ளேருந்து கதவைத் தட்டுன மாதிரி! பேரப்பய முழிச்சுக்கிட்டான், அழலை, கண்ணை உருட்டிக் கேக்கான். நான் சேலை முந்தானையை இடுப்புல சொருகிட்டேன், என்னையறியாம. ஆனா ஒரு மேளம் மட்டும் சேரலை. சன்னல் ஓரத்துல நின்னது. மத்ததெல்லாம் கணீர்னு எடுக்க, அது மட்டும் பொத்துன்னு கெடக்கு. வெளியில அன்னைக்குக் காலையில பனிச் சாரலு. தோலு ஈரம் குடிச்சிருக்கு. அடிக்கிற பயலுக்கு அது தெரியலை, இன்னும் ஓங்கி அடிக்கான். ஓங்கி அடிச்சா சரியாகுமா? சூடு காட்டணும்லே!

அவனுக அடிச்சுட்டுப் போனானுக. சனம் பழைய மேளத்துப் பக்கம் படம் எடுக்கப் போச்சு. நான் சன்னல் ஓரம் போனேன். இடுப்பு ஒசரத்துக்கு ஒரு கயிறு கட்டியிருந்துச்சு. சத்தியமாச் சொல்லுதேன், நான் யோசிக்கலை. ஒரு கையால கயிறைத் தூக்குனேன், மறு கையால கோட்டுக்குள்ளருந்து வெந்நிப் பையை எடுத்தேன், தோலுல வச்சு வட்டமாத் தேச்சேன். மொதல்ல ஓரம், பொறவு நடு. எங்கப்பன் வைக்கோல் தீயில காட்டுற அதே வட்டம். கொஞ்சம் சூடு ஏறுனதும் விரலை மடக்கிச் சுண்டிப் பாத்தேன்.

அம்புட்டுத்தான். பொறத்தாலருந்து ஒரு கூச்சல். காவலுக்கு நிக்கிற பொம்பளை, நீலக் கோட்டு, என் உசரம்தான் இருப்பா, ஆனா தொண்டை மில்லுச் சங்கு மாதிரி. கத்திக்கிட்டே ஓடியாரா. எங்கையிலருந்த பை விழுந்துருச்சு. பேரப்பய வீல்னு கத்துனான். சுத்தி இருந்த சனம் போனைத் தூக்கிப் படம் எடுக்கு, முயலைப் படம் எடுக்கானா என்னைய எடுக்கானான்னு தெரியலை. இதுதான் உங்க போலீஸ்! ஒரு காவல்காரி. பக்கத்துல ஒரு சின்ன ரூமு, ஒரு மேசை, ஒரு நோட்டு. அங்க கூட்டிட்டுப் போனா. வெலங்காம், வெலங்கு! உக்கார ஸ்டூல் போட்டா, முயல் பையை எடுத்துத் தொடைச்சு எங்கையில குடுத்தா. அதைச் சொன்னாளா அந்தக் கடைக்காரி?

எம்மவன் மூஞ்சி வெளுத்துப் போச்சு. கும்பிடாத கொறையா அந்தப் பொம்பளைகிட்டப் பேசுதான். அப்பத்தான் ராஜபாளையத்து அம்மா நல்லது செய்யுதேன்னு ஒண்ணு சொன்னா.

"அவங்க அப்பா பெரிய தவில் வித்வான், கோயில்ல வாசிச்சவரு, மேளத்தைப் பாத்ததும் பாசத்துல தொட்டுட்டாங்கன்னு சொல்லுங்க. அவங்களும் புரிஞ்சுக்குவாங்க."

நான் திரும்பிப் பாத்தேன். "யாரு அப்பா?"

"உங்க அப்பாதான் ஆச்சி. உங்க பையன் சொல்லியிருக்காரே. பரம்பரையாக் கோயில் வாசிப்புன்னு."

எம்மவன் தரையைப் பாக்கான். ஏட்டி, அவன் ஒண்ணாப்புல சிலேட்டைத் தொலைச்சுட்டு வந்தப்பவும் இதே மாதிரிதான் தரையைப் பாத்தான்.

"ஏலே, உங்க தாத்தா தவிலா வாசிச்சாரு?"

"எம்மா, செத்த நேரம் சும்மா இரு. பொறவு பேசலாம்."

"பொறவு என்ன பொறவு? வாசிச்சாரா, இல்லையா?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேம்மா. இங்க எல்லாரும் எந்த ஊரு, எந்தத் தெருன்னு சுத்திச் சுத்திக் கேப்பாங்க. உனக்குத் தெரியாது."

எனக்கா தெரியாது! அறுவத்தஞ்சு வருசமா எங்கிட்டக் கேக்காத ஆளு யாரு? பேண்டேஜ் துணி மடிக்கிற எடத்துல தண்ணிப் பானைகிட்டப் போனா, நீ எந்தத் தெருன்னு கேட்டுட்டுத்தான் டம்ளரைக் குடுப்பாளுக. நான் தெருப் பேரைச் சொல்லித்தான் குடிச்சேன், இல்லாட்டிக் குடிக்காம நின்னேன். பொய் சொல்லிக் குடிக்கலை. எங்கப்பன் ஒரு நாளும் கோயிலுக்குள்ள போனதில்லை. கொடைக்கு அடிச்சாலும் தெருவுல நின்னுதான் அடிச்சாரு. அவரை விடாத எடத்துக்குள்ள, செத்து இம்புட்டு வருசம் கழிச்சு, இவன் தவிலை மாட்டி உக்கார வச்சிருக்கான்! உள்ள விட்டதுக்கா நான் சந்தோசப்படணும்? அது எங்கப்பனே இல்லையேட்டி. எங்கப்பனை வெளிய தள்ளிட்டு வேற எவனையோ உள்ள உக்கார வச்சிருக்கான்.

காவல்காரி நோட்டைத் தொறந்து பேனாவை எடுத்தா. எம்மவன் என்னமோ சொன்னான், அவ எழுதுனா. நான் மருமககிட்டக் கேட்டேன், "உம்புருசன் என்ன சொல்லுதான்?"

அவ புள்ளையைத் தட்டிக்கிட்டே, "மேளத்தை ஏன் தொட்டீங்கன்னு காரணம் எழுதணுமாம் அத்தை. வயசானவங்க, கால் தடுமாறி, விழாம இருக்கக் கையை வச்சுட்டாங்கன்னு சொல்லுதாரு."

"நான் தடுமாறுனனா?"

"இல்லை அத்தை."

"அப்ப மாத்தி எழுதச் சொல்லு."

எம்மவன் குறுக்க விழுந்தான். "எம்மா, உன் கால்ல விழுதேன். இதோட முடிஞ்சுது, போயிரலாம். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"எங்கப்பன் தப்படிக்கிறவரு. தோலு ஈரமா இருந்துச்சு, சூடு காட்டுனேன். இதான் காரணம். இதைச் சொல்லுறதுக்கு உன் வாய் கோணுதுன்னா தள்ளி நில்லு. அவ சொல்லட்டும்."

அந்தம்மா என்னையும் பாக்கா, அவனையும் பாக்கா. தப்புன்னு நான் சொன்னதும் அவ மூஞ்சியில ஒண்ணு மாறுச்சு. அதை நான் பொறந்ததுலருந்து பாத்துக்கிட்டு இருக்கேன், எனக்கு யாரும் வெளக்கம் சொல்ல வேண்டாம்.

மருமக என்ன செஞ்சா தெரியுமா? புள்ளையை அவன் கையில குடுத்தா. மேசைக்கு முன்னாடி நேரா நின்னா. அவுக பாசையில பேசுனா. ரொம்ப நேரம் பேசுனா. கையால வட்டம் போட்டுக் காட்டுனா, தீக் கொளுத்துற மாதிரிக் காட்டுனா. எனக்கு ஒரு சொல்லும் வெளங்கலை, ஆனா அம்புட்டும் வெளங்குச்சு. இந்தப் புள்ளைக்கு நான் பேறுகாலம் பாத்ததுக்கு அவ எனக்கு அன்னைக்கே திருப்பிச் செஞ்சுட்டா.

காவல்காரி பேனாவை நிறுத்திட்டா. என்னமோ கேட்டா.

"உங்க அப்பா தப்புல என்ன தோலுன்னு கேக்காங்க அத்தை."

"கன்னுத் தோலு. மாட்டுத் தோலு தடிக்கும்னு சொல்லு."

அதையும் கேட்டுக்கிட்டா. பொறவு அவ ஒண்ணு சொன்னா, மருமக சிரிச்சுக்கிட்டே எனக்குச் சொன்னா. "அந்தச் சன்னல் மேளம் ஈரத்துக்கு எப்பவும் அப்படித்தானாம், அவங்களுக்கும் தெரியுமாம். ஆனாலும் யாரும் தொடக் கூடாதாம். இனிமே தொட்டா வெளிய அனுப்பிருவாங்களாம்."

"ஞாயம்தான். தொட மாட்டேன்னு சொல்லு."

அவ மொதல்ல எழுதுனதைக் கோடு போட்டு அடிச்சா. கீழ புதுசா எழுதுனா. அவுக எழுத்து பாத்திருக்கியா? ஒவ்வொண்ணும் ஒரு சின்ன வீடு மாதிரி இருக்கும். அப்படி ஒரு பத்துப் பதினஞ்சு வீடு கட்டுனா எங்கப்பனுக்கு. பேனாவை எங்கிட்ட நீட்டுனா. நான் கட்டை விரலைக் காட்டுனேன். ஒண்ணும் கேக்கலை, இழுப்பறையிலருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தா. செவப்பு மையி. நம்மூரு மை மாதிரி ஊதா இல்லை, குங்குமச் செவப்பு. வச்சேன், அழுத்தி வச்சேன். ரேசன் கடையில வச்சிருக்கேன், பள்ளிக்கூடத்துல இவனைச் சேக்கும்போது வச்சிருக்கேன், எல்லாத்துலயும் தலையைக் குனிஞ்சுக்கிட்டுத்தான். இதுக்குக் குனியலை. இன்னார் மவன்னு எங்கப்பனைக் கூப்பிடக் கூட ஒருத்தரு இருந்ததில்லை அந்த ஊருல, "ஏலே தப்பு"ன்னுதான் கூப்பிடுவானுக. அந்த எழுத்தை எவன் படிக்கப் போறான், அந்த நோட்டு எங்க போகும், எனக்குத் தெரியாது. எழுதியிருக்கு. அது போதும்.

எறங்கும்போது படி இன்னும் மோசம். கீழ பாத்தாத் தலை சுத்தும். அந்தம்மா எனக்கு முன்னாடி நின்னா. நான் கையை நீட்டுனேன். அவ பையை எடுத்து ரெண்டு கையாலயும் நெஞ்சோட பிடிச்சுக்கிட்டா. தோள்ல மாட்டுற பைட்டி அது! ஏறும்போது தோள்லதான் தொங்குச்சு. "பாத்து வாங்க"ன்னு சொல்லிட்டு முன்னாடி எறங்கிப் போயிட்டா. ஆச்சியைக் காணோம் அந்தப் பேச்சுல. நான் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு, உக்காந்து உக்காந்து எறங்குனேன். மருமக எனக்குக் கீழ படியில நின்னு ஒவ்வொரு காலா எடுத்து வச்சுவிட்டா.

வீட்டுக்கு வந்து எம்மவன் குதிக்கான். "ஆபீசர் திரும்பி வந்தா அவரு மூஞ்சியில எப்படி முழிப்பேன்? நாலு வருசமா ஒரு பேரு வச்சிருந்தேன், அரை மணி நேரத்துல போச்சு."

"யாரு பேருலே வச்சிருந்த? உன் தாத்தா பேரையா?"

"எம்மா, நீ ஊருக்குப் போயிருவ. நான் இங்க இருக்கணும்."

மருமகதான் கேட்டா, "உங்க வேலையைப் பாத்துச் சம்பளம் குடுக்காகளா, உங்க தாத்தாவைப் பாத்தா?" அவன் கதவைச் சாத்திக்கிட்டுப் படுத்துட்டான். ஒரு பக்கம் எனக்குப் பாவமாத்தான் இருந்துச்சு, இல்லைன்னு சொல்லலை. அவனும் எங்கயோ தண்ணிப் பானைகிட்ட நின்னிருப்பான். எங்கிட்டச் சொல்லியிருக்க மாட்டான். ஆனா பாவம் வேற, ஆத்திரம் வேற. ஒண்ணை வச்சு ஒண்ணை நான் அணைக்க மாட்டேன்.

இப்ப அந்தம்மா ராஜபாளையத்துல அவ அம்மா வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கா. அங்கருந்து ஒருத்தி வாயி மாறி ஒருத்தி வாயி, முக்குக் கடைக்கு வரும்போது எனக்கு வெலங்கு மாட்டியாச்சு. பேசட்டும். வெலங்குக் கதையைச் சத்தமாப் பேசுவாளுக, இன்னொண்ணைத் தாழ்ந்த சத்தத்துல பேசுவாளுக. அதுக்குத்தான் உங்கிட்ட நானே வாய் விட்டுச் சொல்லிட்டேன். நீ இனிமே எங்க வீட்டுல காப்பி குடிக்கிறதும் குடிக்காததும் உன் இஷ்டம். டம்ளரு அந்தா கெடக்கு.

போன ஞாயித்துக்கெழமை எம்மவன் போன் போட்டான். சித்திரையில புள்ளைக்கு மொட்டை போட ஊருக்கு வாரானாம். அந்த ஆபீசரையும் குடும்பத்தோட கூப்பிடணுமாம். இழுத்து இழுத்துப் பேசுதான். கடைசியில கேக்கான், "எம்மா, அவங்க வந்தா, கோபுரத்துல சொன்னது ஏதோ கோவத்துல சொன்னதுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லிரு. உனக்கு என்ன கொறைஞ்சு போகும்?"

நான் சொன்னேன், "ஏலே, மொட்டை போட வா. உன் தலையையும் சேத்துக் குனி, நான் தடவி விடுதேன். ஆனா என் வீட்டு வாசப்படி ஏறுறதுக்கு முன்னாடி, வாரவுககிட்ட உன் வாயால சொல்லிட்டு வா, எங்க தாத்தா தப்படிக்கிறவருன்னு. சொல்ல ஏலாதுன்னா கோயில்ல மொட்டையைப் போட்டுட்டு அப்படியே லாட்ஜுல தங்கிட்டுப் போ. எம்பேரனை மருமக கொண்டாந்து காட்டுவா."

அவன் போனை வச்சுட்டான். எட்டு நாளாச்சு. மருமக தெனமும் பேசுதா, புள்ளை குப்புற விழுந்துட்டானாம், காட்டுனா. பின்னால அவன் காலு மட்டும் தெரியுது போன்ல, நின்னுக்கிட்டு இருக்கான், முன்னால வரலை. நான் கூப்பிட மாட்டேன். கூப்பிடணும்னு கையி துடிக்கும், மாட்டேன். அவனாச் சொல்லட்டும். சொல்லுவான்னுதான் நெனைக்கேன். சொல்லாட்டியும் நான் மாத்திச் சொல்லப் போறதில்லை, அது மட்டும்...

ஏ, என்னட்டி இது, தூத்தல் விழுதே! மாடியில கூழ்வத்தல் அம்புட்டும் சேலையில விரிச்சுக் கெடக்கு. எந்திரி, எந்திரி, நீ அந்தப் பக்கத்து முனையைப் பிடி, நான் இந்தப் பக்கம். செருப்பெல்லாம் வேண்டாம், ஓடு!